அரசும் ஆசானும்: சோஷலிச ஹங்கேரியின் வாள்வீச்சுக் கூட்டமைப்பு

விளையாட்டின் வரலாற்றுக்கென்றே ஒரு கருத்தரங்கைக் கூட்டி, அதற்குத் தலைமையேற்கும் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. நம் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு பெரும்பாலும் உடற்கல்வித் துறையோடு நின்றுவிடுகிறது. வரலாற்றுத் துறையினர் அதைத் தம் பொருளாகக் கருதுவது அரிது. இந்த அவை அக்குறையைப் போக்கத் தொடங்கியிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. பொதுப்பட நாலு வார்த்தை பேசிவிட்டு அமர்வதைவிட, ஒரே ஒரு வழக்கை எடுத்து வாதிடுவதே உங்கள் உழைப்புக்கு நான் செய்யக்கூடிய மரியாதை. நான் எடுத்துக்கொள்வது ஹங்கேரியின் தேசிய வாள்வீச்சுக் கூட்டமைப்பு, குறிப்பாக 1940களின் இறுதியிலிருந்து 1989 வரை சோஷலிச அரசின் கீழ் அது இயங்கிய காலம். அக்காலத்து வெற்றிகளுக்கு இருவகை விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. அரசு பணத்தையும் அதிகாரத்தையும் கொட்டியதால் பதக்கங்கள் விளைந்தன என்பது ஒன்று. பழைய மரபின் பயனை அரசு உட்கார்ந்து அறுவடை செய்தது என்பது மற்றொன்று. இரண்டுமே போதாதவை என்பது என் கருத்து. ஒரு கூட்டமைப்பின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானித்தது, மாணவனை எதிரே நிறுத்திப் பாடம் சொன்ன ஆசான்கள் எங்கே இருந்தார்கள், எப்போது போனார்கள் என்பதுதான். அரசின் பங்கையும் மரபின் பங்கையும் அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியாக அளக்க முடியும்.

முதலில் மரபைப் பார்ப்போம், ஏனெனில் அது மலைக்க வைக்கும் மரபு. வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று ஆயுதங்கள் உண்டு. முதல் இரண்டும் முனையால் குத்துபவை. சேபர் விளிம்பாலும் வெட்டும். இந்தச் சேபரில் 1908 முதல் 1964 வரை நடந்த ஒலிம்பிக் போட்டிகளில், முதல் உலகப் போரில் தோற்ற நாடு என்பதற்காக ஹங்கேரி அழைக்கப்படாத 1920ஐத் தவிர, ஒவ்வொரு முறையும் தனிநபர் தங்கத்தை ஹங்கேரியரே வென்றார்கள். குழுப் போட்டியில் 1928 முதல் 1960 வரை தொடர்ந்து ஏழு தங்கம். இதன் வேர், 1896இல் இத்தாலியிலிருந்து புடாபெஸ்ட் வந்து அங்கேயே தங்கிவிட்ட இத்தாலோ சாந்தெல்லி என்ற ஆசானிடம் இருக்கிறது. அவருடைய முறையோடு உள்நாட்டு அனுபவத்தை இணைத்து, ராணுவப் பயிற்சிக் கழகத்தில் ஒரு தலைமுறை ஆசான்களையே உருவாக்கியவர் லாஸ்லோ போர்ஷோதி. தேசிய மரபு என்று நாம் அழைப்பதன் தொடக்கத்திலேயே ஓர் அயல்நாட்டு ஆசிரியர் நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். கூட்டமைப்பு 1914இல் தோன்றியபோது சாந்தெல்லி புடாபெஸ்டில் கற்பிக்கத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அமைப்பு பின்னால் வந்தது. பாடம் முன்னால் வந்தது.

அந்த மரபு 1945இல் புதிய அரசின் கைக்கு முழுமையாக வந்து சேரவில்லை. யூத வம்சாவளியைச் சேர்ந்த போர்ஷோதி, யூத எதிர்ப்புச் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த 1939இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1928, 1932 குழுத் தங்கங்களில் பங்கு கொண்ட அத்திலா பெத்ஷாவர், கட்டாய உழைப்புப் படையில் உக்ரைனுக்கு அனுப்பப்பட்டு 1943இல் அங்கேயே இறந்தார். 1928 குழுவில் அவரோடு இருந்த யானோஷ் காரோய் 1945இல் மௌத்ஹௌசன் வதைமுகாம் வளாகத்தில் மாண்டார். 1908, 1912 குழுக்களில் ஆடிய ஒஸ்கார் கெர்தேவுக்கும் அதே முகாம்தான் முடிவு. பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற எந்த்ரே காபோஷ், 1944 நவம்பரில் புடாபெஸ்டின் மார்கிட் பாலம் வெடித்தபோது உயிரிழந்தார். சாந்தெல்லி 1945இல் மறைந்தார். இந்தப் பெயர்களை வேகமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. பதக்கப் பட்டியலை வைத்து வரலாறு எழுதுவோர் 1936இலிருந்து 1948க்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள், இரண்டு ஆண்டுகளிலும் ஹங்கேரிக்குத் தங்கம் கிடைத்ததால். இடையில் நடந்த அழிவு பட்டியலில் தெரிவதில்லை. மரபை அரசு அப்படியே எடுத்து அனுபவித்தது என்ற இரண்டாம் விளக்கம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. அரசு பெற்றது பாதி அழிந்த மரபு.

சோஷலிச அரசு செய்தது என்ன? பழைய சங்கங்கள் கலைக்கப்பட்டன, அல்லது புதிய உடைமையின் கீழ் வந்தன. ஹோன்வேத் ராணுவத்தின் கழகமாயிற்று. டோஷா உள்துறை அமைச்சகத்தினுடையது. வாஷாஷ் உலோகத் தொழிலாளர் சங்கத்தினுடையது. கூட்டமைப்பு, அரசின் விளையாட்டு நிர்வாகத்துக்குப் பதில் சொல்லும் அமைப்பாக மாறியது. இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. ஹங்கேரியில் வாள்வீச்சு என்றால் அதிகாரிகள், நிலவுடைமையாளர், மானத்துக்காக வாளெடுத்து இருவர் மோதும் வழக்கம் என்றே பொருள்பட்டிருந்தது. வர்க்க மொழியில் பேசிய அரசுக்கு இதைவிடச் சங்கடமான விளையாட்டு இருக்க முடியாது. ஆயினும் அது கைவிடப்படவில்லை. பதக்கம் தரும் விளையாட்டு என்பதால் காக்கப்பட்டது. அதன் நல்விளைவை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆசானுக்கு மாதச் சம்பளம் வந்தது. பயிற்சிக்கூடத்துக்கு வாடகை கேட்பாரில்லை. ஆயுதமும் முகக்கவசமும் வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே வர முடிந்தது. பிறவியிலேயே செவித்திறன் இல்லாத இல்திகோ ரெய்தோவுக்குப் பயிற்சியாளர்கள் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டிக் கற்பித்தார்கள் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. அவர் 1964இல் டோக்கியோவில் ஃபாயில் தனிநபர் தங்கத்தையும் குழுத் தங்கத்தையும் வென்றார். 1960 முதல் 1976 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் ஏழு பதக்கங்கள் பெற்றார். ஒரு மாணவிக்காகத் தாளும் எழுதுகோலுமாக நேரம் செலவிட ஆசானுக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வைச் சம்பளம் தந்தது. அரசின் பங்கு என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான், இது சிறியதும் அல்ல.

பணமே காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவோருக்கு என் பதில் ஜெர்மனியில் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியைவிடத் திட்டமிட்டு, செலவிட்டு, அறிவியலைப் பயன்படுத்தி, தகாத மருந்துகளையும் புகுத்தி விளையாட்டை வளர்த்த அரசு அக்காலத்தில் இல்லை. நீச்சலிலும் தடகளத்திலும் படகோட்டத்திலும் அது உலகை அசைத்தது. அதற்கும் ஒரு தேசிய வாள்வீச்சுக் கூட்டமைப்பு இருந்தது. ஆனால் அந்நாடு வாழ்ந்த காலம் முழுவதிலும் வாள்வீச்சில் அது பெற்ற ஒலிம்பிக் பதக்கம் ஒன்றே ஒன்று: 1988இல் சியோலில் ஊடோ வாக்னர் ஃபாயிலில் பெற்ற வெள்ளி. அதே சியோலில் மேற்கு ஜெர்மனியின் மூன்று பெண்கள் ஃபாயிலில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். மூவரும் தௌபர்பிஷோஃப்ஸ்ஹைம் என்ற சிற்றூரின் கழகத்தில் எமில் பெக் என்பவரிடம் பயின்றவர்கள். பெக்கின் தொழில் முடிதிருத்துவது. வாள்வீச்சைத் தாமே பார்த்துப் பழகிக் கற்பிக்கத் தொடங்கியவர். பின்னாளில் அவருடைய மையத்துக்கும் மேற்கு ஜெர்மன் அரசின் உதவி வந்தது என்பது உண்மை. ஆனால் உதவி ஆசானைத் தேடி வந்தது. உதவியால் ஆசான் முளைக்கவில்லை. ஒரே மொழி பேசும் ஒரே மக்கள், இரண்டு ஆட்சிமுறைகள், நேர் எதிரான விளைவுகள். வரலாற்றாய்வில் இவ்வளவு தெளிவான ஒப்பீடு எளிதில் வாய்ப்பதில்லை. பெக் எந்த ஆசான் மரபிலும் வந்தவரல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இது என் வாதத்துக்கே ஒரு திருத்தம். பரம்பரை இருந்தால் நல்லது. அது இல்லாமலும் ஆசான் தோன்றலாம். ஆசானே இல்லாமல் எதுவும் தோன்றவில்லை.

இனி ஹங்கேரிக்குள் நடந்ததை நெருங்கிப் பார்ப்போம். 1956 அக்டோபர் 23இல் புடாபெஸ்டில் எழுச்சி வெடித்தது. நவம்பர் 4இல் சோவியத் டாங்கிகள் நகருக்குள் வந்தன. அதே மாதம் 22இல் மெல்பர்ன் ஒலிம்பிக் தொடங்கியது. அந்தப் போட்டிகளிலிருந்து உலகம் நினைவில் வைத்திருப்பது, ஹங்கேரி சோவியத் அணியோடு மோதிய நீர்ப்போலோ ஆட்டத்தில் சிந்திய ரத்தத்தை. வாள்வீச்சில் நேர்ந்தது அதைவிட நெடுங்காலம் நீடித்த இழப்பு. சேபர் குழு வழக்கம்போல் தங்கம் வென்றது. ஆறு பேர் கொண்ட அக்குழுவில் மூவர் நாடு திரும்பவில்லை: யெனோ ஹாமோரி, அத்திலா கெரெஸ்தெஷ், தானியெல் மாகாய். மூவரும் இருபதுகளில் இருந்தவர்கள். திரும்பிய மூவரில் அலாதார் கெரெவிச்சுக்கு வயது 46, பால் கோவாச்சுக்கு 44, ருடால்ஃப் கார்பாதிக்கு 36. ஒரே இரவில் குழு இளையோர் என்றும் மூத்தோர் என்றும் பிளந்து, இளைய பாதி கடல் கடந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, 1932இல் தனிநபர் தங்கம் வென்று பின்னர் தேசிய அணிக்குப் பயிற்சி தந்துவந்த கியோர்கி பில்லெர் அமெரிக்காவில் குடியேறியது. அவர் கலிஃபோர்னியாவில் கற்பித்து 1960இல் அங்கேயே மறைந்தார். ஹாமோரியும் கெரெஸ்தெஷும் 1964இல் டோக்கியோவுக்கு வந்தார்கள், அமெரிக்காவின் வீரர்களாக.

இழப்பு பெரிதென்றால் 1960இல் ரோமில் ஹங்கேரி மீண்டும் எப்படி வென்றது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரோமில் தனிநபர் தங்கம் கார்பாதிக்கு. குழுத் தங்கமும் ஹங்கேரிக்கே. ஆனால் அந்தக் குழுவில் கெரெவிச் ஐம்பது வயதில் நின்றார். வயதாகிவிட்டது என்று தேர்வுக் குழு தயங்கியபோது, அணியில் உள்ள எல்லோரையும் ஒவ்வொருவராக எதிர்த்து வென்று காட்டித் தம் இடத்தைப் பெற்றார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவருடைய வீரத்தைப் போற்றவே இதை எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவரைப் போற்றாமல் இருக்க முடியாதுதான். வரலாற்றாய்வாளர் அதைக் கூட்டமைப்பின் பக்கமிருந்தும் படிக்க வேண்டும். உலகின் தலைசிறந்த சேபர் நாட்டில் ஐம்பது வயதுக்காரரை ஓர் இளைஞனால் விலக்க முடியவில்லை என்றால், இளைஞர்கள் வரும் வழியில் ஏதோ அறுந்திருக்கிறது. வாள்வீச்சில் ஒரு சிறுவன் தேர்ந்த வீரனாகப் பத்தாண்டுகள் பிடிக்கும். ஆசானை இழந்த விளைவும் பத்தாண்டு கழித்தே மேடையில் தெரியும். 1964இல் திபோர் பேஷா தனிநபர் தங்கத்தைக் காத்துத் தந்தார். குழுத் தங்கம் சோவியத் ஒன்றியத்துக்குப் போயிற்று. அதை ஹங்கேரி மீட்டது 1988இல், ரோம் வெற்றிக்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின். தனிநபர் தங்கம் 1992இல் பென்சே சாபோவின் கையில் திரும்பியபோது சோஷலிச அரசே இல்லாமற் போயிருந்தது. இடைப்பட்ட காலத்தில் உலகச் சாம்பியன் பட்டங்கள் வரத்தான் செய்தன. ஹங்கேரி சேபர் செத்துவிடவில்லை. அசைக்க முடியாத தலைமை மட்டும் போயிற்று.

மற்றவர்கள் முன்னேறியதால் ஹங்கேரி பின்தங்கியதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதானே என்றும் ஒருவர் வாதிடலாம். அதில் பெரும்பங்கு உண்மை. ஆனால் மற்றவர்கள் எப்படி முன்னேறினார்கள்? யானோஷ் கெவெய் என்ற ஹங்கேரி ஆசான் போருக்குப் பின் போலந்து சென்று கற்பித்தார். அவருடைய போதனையில் வளர்ந்த யெர்ஜி பாவ்வோஸ்கி மெல்பர்னில் வெள்ளி வென்றார். 1968இல் மெக்சிகோவில் தங்கம் வென்று, 1908இல் தொடங்கிய ஹங்கேரித் தொடரை முறித்தார். தொடரை முறித்த வாளுக்குப் பின்னால் இருந்ததும் ஒரு ஹங்கேரி ஆசானே. சோவியத் ஒன்றியம் 1952இல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் பங்கேற்றபோது வாள்வீச்சில் ஒரு பதக்கமும் பெறவில்லை. எட்டே ஆண்டுகளில் விக்தோர் ழ்தனோவிச் ஃபாயில் தங்கம் வென்றார். பிறகு சேபரும் அவர்கள் வசமாயிற்று. வெறுமையிலிருந்து ஓர் அரசு எழுப்பிய கோட்டை என்று இதைச் சொல்வார்கள். அங்கேயும் விதாலி அர்காதியெவ், தவீத் திஷ்லெர் போன்ற ஆசான்கள் பிறநாட்டு ஆட்டத்தை உற்றுக் கவனித்துத் தமக்கென ஒரு முறையை வகுத்தார்கள். சேபர் தங்கங்கள் வென்ற விக்தோர் க்ரோவபூஸ்கவ், மார்க் ரகீதா என்ற ஆசானின் மாணவர். எலேனா பெலோவாவும் அலெக்ஸாந்தர் ரமன்கோவும் மின்ஸ்க் நகரத்தார். க்ரிகோரி க்ரிஸ் கீவ் நகரத்தார். மாஸ்கோவின் திட்டமே காரணம் என்றால் பதினைந்து குடியரசுகளிலும் சாம்பியன்கள் சீராகப் பரவியிருக்க வேண்டும். அப்படிப் பரவவில்லை, நல்ல ஆசான் இருந்த சில நகரங்களில் குவிந்தார்கள்.

இன்னும் கடுமையான ஓர் ஆட்சேபம் உண்டு. சேபரில் அன்றைக்கு மின்கருவி இல்லை. நான்கு பக்கநடுவர்களும் ஒரு தலைமை நடுவரும் கண்ணால் பார்த்து வாக்களித்தார்கள்; பக்கநடுவருக்கு ஒரு வாக்கு, தலைமை நடுவருக்கு ஒன்றரை. ஒலிம்பிக் சேபரில் மின்கருவி வந்தது 1992இல்தான். புகழுக்கும் அரசியல் அணிசேர்க்கைக்கும் அங்கே இடமிருந்தது என்பதை மறுக்க முடியாது. அப்படியானால் சோஷலிச நாடுகளின் வெற்றியே ஐயத்துக்குரியதா? இக்கேள்விக்கு எப்பே விடை சொல்கிறது. என் வாதம் முழுவதற்கும் வலுவான சான்றாக நான் கருதுவதும் அதையே. எப்பேயில் உடல் முழுவதும் இலக்கு. முதலில் தொட்டவருக்குப் புள்ளி. இருவரும் இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடிக்குள் தொட்டால் இருவருக்கும் விளக்கு எரியும். 1936 ஒலிம்பிக்கிலிருந்தே அதில் மின்கருவி உண்டு. விளக்குக்கு வீரரின் நாடு தெரியாது. இந்த ஆயுதம் இத்தாலியரின் கோட்டையாக இருந்தது; 1936 முதல் 1960 வரை தனிநபர் தங்கம் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கே. ஹங்கேரி அதில் அதுவரை ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை. அதே ஹங்கேரி 1964, 1968, 1972 மூன்று ஒலிம்பிக்குகளிலும் எப்பே குழுத் தங்கத்தை வென்றது; தனிநபர் தங்கத்தை 1968இல் கியோசோ குல்சாரும் 1972இல் மருத்துவரான சாபா ஃபென்யவேஷியும் வென்றார்கள். மரபு செழித்திருந்த சேபர் தளர்ந்த அதே ஆண்டுகளில், மரபே இல்லாத எப்பே ஓங்கியது. ஒரே அரசு, ஒரே கூட்டமைப்பு, ஒரே விதமான கழகங்கள். பணம்தான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்து ஓங்கியிருக்க வேண்டும். மரபுதான் காரணம் என்றால் எப்பே எழுந்தே இருக்கக்கூடாது.

எப்பே எழுந்ததற்குப் பெயர்கள் உண்டு. போருக்குப் பின் நெடுங்காலம் தேசிய அணியை வழிநடத்திய பேலா பாய், மூன்று ஆயுதங்களுக்கும் பொதுவான பயிற்சிமுறை ஒன்றைக் கட்டினார். பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி தருவதைக் கூட்டமைப்பின் முதல் வேலையாக்கினார். 1950களில் எப்பேயை நகரும் கால்களின் ஆட்டமாக மாற்றிய யோஷெஃப் ஷாகோவிச் பின்னர் அடுத்த தலைமுறையைப் பயிற்றுவித்தார். இம்ரே வாஷ் எப்பே பற்றி முழுமையான நூல் எழுதினார். சாந்தெல்லியின் மாணவரான லாஸ்லோ சாபோ ஆசானின் பணியைப் பற்றியே தனி நூல் எழுதினார். இந்நூல்களைக் கோர்வினா என்ற புடாபெஸ்ட் அரசுப் பதிப்பகம் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோது தன் போட்டியாளர்கள் படிக்கும்படி ஒரு சோஷலிச அரசு தன் பயிற்சி முறையை அச்சிட்டு விற்றது. இதை நான் அக்கூட்டமைப்பின் மிகப் பெரிய சாதனை என்பேன், தங்கங்களைவிடவும். 1956இல் ஆட்களோடு சேர்ந்து அறிவும் வெளியேறியதைக் கண்ட ஓர் அமைப்பு, அறிவை ஆளிடமிருந்து பிரித்துத் தாளில் நிறுத்த முயன்றது. அந்த முயற்சி முழுமையாக வெற்றி பெற்றதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மார்புக் கவசம் அணிந்த ஆசான், மாணவனின் வாள் தம்மீது தொடுவதற்குத் தகுந்த கணத்தில் இடம் திறந்து, தகாத கணத்தில் மூடிக் கற்பிப்பதைப் புத்தகம் விவரிக்கலாம். புத்தகத்தால் செய்து காட்ட முடியாது. ஆனாலும் சம்பளம், கூடம், பாடநூல், ஆசிரியப் பயிற்சி ஆகிய நான்கையும் தந்த அளவில், ஆசான்கள் நிலைத்திருக்கும் சூழலை அரசு உருவாக்கியது. எல்லைகளை மூடி, 1956இல் மக்களைச் சுட்டு, அந்த ஆசான்களில் பலரை அதே அரசே ஓடவும் வைத்தது. இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கூட்டமைப்புகளின் வரலாற்றை எழுத வரும் இளம் ஆய்வாளர்கள் பதக்கப் பட்டியலோடும் அமைச்சகத் தீர்மானங்களோடும் நின்றுவிடாதீர்கள். கழகங்களின் சம்பளப் பதிவேடுகளைத் தேடுங்கள். பயிற்சியாளர் தேர்வுகளின் பட்டியலைத் தேடுங்கள். பாடக் குறிப்பேடுகள் இருந்தால் அவற்றைப் படியெடுங்கள். யார் யாரிடம் கற்றார், எந்த ஆண்டு எந்த ஊரை விட்டுப் போனார் என்பதை வரிசைப்படுத்துங்கள். சோஷலிசக் காலத்தில் கற்பித்த ஆசான்களில் இன்று எஞ்சியிருப்போர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்து வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வதை அடுத்த கருத்தரங்கு வரை தள்ளிப்போடக் கூடாது. இந்த அவையில் படிக்கப்படவிருக்கும் கட்டுரைகளை அந்த எதிர்பார்ப்போடு வரவேற்று, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.